கால்சியம் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தைப் பாருங்கள்

பதினான்கு வருடமாக லேபில் ரத்தம் எடுக்கிறேன். அப்படியிருந்தும் என் அம்மாவின் ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அம்மாவுக்கு விரல்கள் உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும், உதட்டைச் சுற்றி மரத்துப்போகும். பரிசோதித்தபோது கால்சியம் 7.2; 8.5-ஆவது இருக்க வேண்டும். மாத்திரையும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து 7.3. அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான், மக்னீசியத்தை யாருமே பார்க்கவில்லை என்பது உறைத்தது. மறுநாள் பார்த்தேன்: 0.9. இருக்க வேண்டியது ஏறக்குறைய 1.7 முதல் 2.2 வரை.

இதே நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், ரிப்போர்ட்டை நான் படிக்கும் வரிசையிலேயே படித்துப் பாருங்கள்.

முதலில், ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது? கையில் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியே வைத்திருந்தால் கால்சியம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ரத்தம் தவறுதலாக இந்தப் பரிசோதனைக்குப் போனால் கால்சியம் படுபாதாளத்தில் இருக்கும், பொட்டாசியம் எகிறியிருக்கும். இரண்டும் ஒரே தாளில் தெரிந்தால் பயப்படுவதற்கு முன் மறுபடி ரத்தம் கொடுங்கள். எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் மக்னீசியம் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அந்த அணுக்களுக்குள் அது அதிகம்.

அலகையும் பாருங்கள். சில லேப்கள் மில்லிமோலில் தருவார்கள். அந்த அலகில் மக்னீசியம் 0.9 என்றால் அது நார்மல்; மில்லிகிராமில் 0.9 என்றால் ஆபத்து. அம்மாவுடையது மில்லிகிராம்.

அடுத்தது ஆல்புமின். ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் சுமார் 40 சதவீதம் புரதத்தில், பெரும்பாலும் ஆல்புமினில், ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை செய்வது ஒட்டாமல் இருக்கும் பாதிதான். அதனால் ஆல்புமின் 4-க்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். அம்மாவுக்கு ஆல்புமின் 3.5. கூட்டினால் 7.6. 8.5 இருக்க வேண்டிய இடத்தில் அதுவும் குறைவுதான்.

இப்போது நான் தவறவிட்ட இடத்துக்கு வருகிறேன். ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடுவது பாராதைராய்டு ஹார்மோன். அம்மாவுக்கு அது 18. பக்கத்தில் அச்சிட்ட அளவு 15 முதல் 65. 'நார்மல்' என்று நினைத்துக் கடந்துவிட்டேன். கால்சியம் இவ்வளவு குறைந்திருக்கும்போது அந்த ஹார்மோன் எகிறியிருக்க வேண்டும். 18-லேயே நிற்கிறது என்றால் சுரப்பி தூங்குகிறது என்று அர்த்தம். இந்த இரண்டு எண்ணையும் ஒருபோதும் தனித்தனியாகப் படிக்காதீர்கள்.

ஏன் தூங்குகிறது? கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அவற்றின் செல்களில் கால்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கால்சியம் குறைந்தால் ஹார்மோன் வெளியே வரும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும். பாராதைராய்டு செல்லுக்குள் மக்னீசியம் வற்றிப்போனால், 'கால்சியம் நிறைய இருக்கிறது' என்ற பொய்ச் சைகை உள்ளே ஓடுகிறது. சுரப்பி வாயை மூடிக்கொள்கிறது. சுரந்த கொஞ்சத்தையும் எலும்பு சரியாகக் கேட்பதில்லை. இந்த நிலையில் எத்தனை கால்சியம் மாத்திரை போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

சரி, மக்னீசியம் எங்கே போனது? அலமாரியில் தேடுங்கள். அம்மா ஆறு வருடமாகத் தினமும் காலையில் 'கேஸ் மாத்திரை', அதாவது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல், போட்டுக்கொண்டிருந்தார். இந்த வகை மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டால் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. நீர் பிரியும் மாத்திரை, விடாத வயிற்றுப்போக்கு, மதுப்பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவையும் காரணமாகலாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், மக்னீசியம் மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம். கிரியேட்டினின் கூடியிருந்தால், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால், வெளியேற வழியில்லாமல் மக்னீசியம் தேங்கி மூச்சையே அடக்கிவிடும்.

மருத்துவரிடம் இன்னும் இரண்டு கேளுங்கள். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும்; கேஸ் மாத்திரை தொடர்ந்தால் சிட்ரேட்டுக்கு மாற்றலாமா? தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டுமா? சாப்பாட்டில் கேழ்வரகும் எள்ளும் இரண்டு தாதுவையும் தரும், ஆனால் 0.9-ஐச் சாப்பாட்டால் தூக்க முடியாது. வலிப்பு, மூச்சுக்குழல் இறுக்கம், நெஞ்சுப் படபடப்பு வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மக்னீசியம் டிரிப் ஏற்றினார்கள், கேஸ் மாத்திரையையும் மாற்றினார்கள். ஹார்மோன் சீக்கிரம் ஏறிவிடும். கால்சியம் ஏற சில நாள் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். டிரிப் முடிந்த கையோடு மக்னீசியத்தைச் சோதிக்கவும் வேண்டாம். ரத்தத்தில் இருப்பது உடம்பின் மொத்த மக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அது உடனே நிறைந்ததுபோல் காட்டும், செல்களுக்குள் நிரம்பத்தான் நாளாகும். அம்மாவுக்கு ஆறாவது நாள் நானே ரத்தம் எடுத்தேன். கால்சியம் 8.6. விரல்கள் நீட்டியபடியே இருந்தன.