சர்ச் இடத்தை ஊருக்குப் பயன்படுத்த நினைக்கிறீர்களா? கட்டடத்தைக் கடைசியில் வையுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய சர்ச் பலவற்றில் கோவிலைச் சுற்றி அரை ஏக்கராவது சும்மா கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி நிற்கும், மற்ற ஆறு நாளும் கேட்டில் பூட்டுத் தொங்கும். அந்த இடத்தில் ஏதாவது செய்யலாம் என்று கமிட்டியில் யாராவது எழுந்து சொன்னால், அடுத்த வாக்கியமே "ஒரு மண்டபம் கட்டலாமுங்க" என்றுதான் வரும். எங்கள் சபையும் அப்படித்தான் கட்டியது. நன்கொடை திரட்டி முடிக்கவே மூன்று வருஷம் ஆனது. சுற்றியிருக்கும் தறிக்கார வீடுகளில் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை, இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

அதனால் முதலில் தெருவுக்குப் போங்கள். ஆயரும் கமிட்டியாரும் மட்டும் போகாமல் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேர், வாலிபர்கள் இரண்டு பேர் என்று சேர்ந்து போக வேண்டும். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் ரோடு, சாக்கடை என்றுதான் பதில் வரும். அதை விட்டுவிட்டு, நேற்று சாயங்காலம் குழந்தை யாரிடம் இருந்தது, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, வீட்டில் இருக்கும் பெரியவரை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது: பள்ளிக்கூடம் நாலு மணி சுமாருக்கு விடுகிறது, அம்மா ஷிப்ட் முடிந்து வர எட்டு மணி ஆகிறது, நடுவில் அந்தப் பிள்ளைகள் தெருவில்தான். பனியன் கம்பெனிப் பக்கமாக இருந்தால் ஹிந்தி பேசத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்து குடியிருப்பவர்களும் அக்கம்பக்கத்தார்தான்.

அடுத்தது பத்திரம். நிலம் நம் கண்முன் இருந்தாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரிலும், கத்தோலிக்கக் கோவில் என்றால் மறைமாவட்டத்தின் (டயோசீஸ், அதாவது பிஷப்பின் நிர்வாகப் பகுதி) பொறுப்பிலும் இருக்கும். உள்ளூர்க் கமிட்டி தானாக யாருக்கும் குத்தகைக்கு விட முடியாது, ஒரு வருஷத்துக்கு மேல் போகிற குத்தகை என்றால் பதிவும் செய்தாக வேண்டும். பட்டா, புல வரைபடம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்து வைத்து, சர்வேயரைக் கூப்பிட்டு ஒருமுறை அளந்துவிடுங்கள். வேலிக்குள் ஊர்க்காரர் நடந்து போகும் தடம் இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். நாம் திட்டம் போடும் முன்னாலேயே அந்த நிலம் செய்துகொண்டிருக்கும் உதவி அது.

அப்புறம் ஒரு பெரிய காகிதத்தில் இடத்தை வரையுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது, மழை பெய்தால் தண்ணி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று நமக்கெல்லாம் தெரிந்ததுதான், ஷெட் போடும்போது மேற்குப் பக்கம் திறந்து வைத்தால் புழுதியும் சாரலும் உள்ளேதான் வரும். கூரைத் தண்ணியையும் கணக்குப் போடுங்கள்: 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 900 லிட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையை வறண்ட போர்வெல் பக்கத்தில் குழி வெட்டி இறக்கினால் போர்வெல்லுக்கும் நல்லது, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கும் நல்லது.

இப்போது ஒரு வருஷத்துக்குக் கட்டடமே இல்லாமல் நடத்திப் பாருங்கள். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, விளக்குப் போட்டு, சாயங்காலப் படிப்பு. பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், கக்கூஸ் சுத்தமாகத் திறந்திருக்கட்டும், இந்த இரண்டும் இல்லை என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். சிமெண்ட் போட்ட முற்றம் இருந்தால் அறுவடைச் சமயத்தில் சோளம், நிலக்கடலை காயப்போட விடலாம், களம் இல்லாத சின்னக் குடியானவர்களுக்கு அது பெரிய உதவி. ஐந்து சென்டில் கீரை, வெண்டை, முருங்கை போட்டால் போதும், சொட்டுநீர் இல்லாமல் அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஆரம்பச் செலவுக்கு அறுப்பின் பண்டிகை (சர்ச்சில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விழா) காணிக்கையில் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் கையில் வாங்கக்கூடாது. கணக்கைத் தனி நோட்டில் எழுதி, கேட்டிலேயே ஒட்டிவிடுங்கள், ஊரும் பார்க்கட்டும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: வருகிற பிள்ளை ஞாயிறு பள்ளிக்கு வருமா, அவர்கள் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அந்தத் தெருவே வருவதை நிறுத்திவிடும், அவர்கள் நிறுத்துவதும் சரிதான்.

தினமும் எத்தனை பேர் வந்தார்கள், எது வேண்டும் என்று கேட்டார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். வருஷம் முடிந்ததும் அதை வந்துபோன அம்மாக்கள் இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்து படியுங்கள். மழைக்கு ஒதுங்க இடம் இல்லை என்று திரும்பத் திரும்ப வந்திருந்தால், அப்போது ஒரு ஷெட்டுக்கு பிளான் போட்டு, டயோசீஸுக்கும் பஞ்சாயத்துக்கும் அனுமதி கேட்டு எழுதுங்கள்.