ரிஃப் கனக்கவே இல்லை: கார்டைத் தலைகீழாக்கியதும் சரியானது

எலெக்ட்ரிக் கிட்டாரில், ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில், சி பவர் கார்டை (சி-யும் அதன் ஐந்தாம் சுரமான ஜி-யும் மட்டும் சேர்ந்தது) நம்பி நின்ற ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு. தனியாக வாசித்தால் பரவாயில்லை, டிரம்ஸ் சேர்ந்ததும் சன்னமாகிவிடும். கெயினை (ஆம்பில் ஒலியைப் பெருக்கிச் சிதைக்கும் அளவு) ஏற்றினேன், இரைச்சல்தான் கூடியது. ஆம்பில் பேஸைக் கூட்டினால் பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அடக்கி வாசிப்பது) கொழகொழத்தது. தடித்த கம்பி மாட்டியும் பலனில்லை.

கடைசியில் ஐந்தாம் சுரத்தைக் கீழே இறக்கினேன்: 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் ஜி, 5ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் சி, 4ஆம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் மேல் ஜி. கீழிரண்டும் சுமார் 98, 131 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) இவற்றின் வித்தியாசமான 33 ஹெர்ட்ஸையும் பிறப்பிக்கிறது, அதுவும் சி-தான். வழக்கமான வடிவில் (131, 196) வித்தியாசம் 65-ஓடு நின்றுவிடும். கிட்டார் ஸ்பீக்கர் 33-ஐ அவ்வளவாகத் தராது என்றாலும், அதன் மடங்குகளை வைத்தே காது அடியை ஊகித்துக்கொள்ளும்.

பலர் கோட்டைவிடும் இடம் பேஸ் கிட்டார். அது சி-யிலேயே நிற்க வேண்டும். அதுவும் ஜி-க்குப் போனால் மொத்தமும் ஜி சஸ்4 (ஜி-யை அடியாகக் கொண்டு, மூன்றாம் சுரத்துக்குப் பதில் நான்காவதான சி வரும் கார்டு) போலக் கேட்டு, ரிஃப் தொங்கிவிடும்.

இன்னொன்று, 6ஆம் கம்பியை அழுத்திப் பிடித்தால் ஜி சற்றே ஏறி, கார்டு விம்மி விம்மி அதிரும். விரலை ஃப்ரெட்டை ஒட்டி லேசாக வைத்து, கெயினையும் கொஞ்சம் குறைத்தேன். நின்றுவிட்டது.

ஜி கார்டில் மேஜர் நிறம் வேண்டுமா? 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட், 3ஆம் கம்பி 4ஆம் ஃப்ரெட். நடுவிலிருக்கும் இரண்டு கம்பிகளையும் மியூட் செய்யுங்கள். மூன்றாம் சுரமான பி ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) தள்ளி நிற்பதால் கலங்காது.