‘ஹி செட் மீ’ – சிவப்பு மை பட்ட இடம்

மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது, ‘அவன் என்னிடம் சொன்னான்’ என்பதற்கு அவர்கள் எழுதும் ‘ஹி செட் மீ’தான் நான் அதிகம் அடித்த தொடர். தமிழில் ‘சொன்னான்’ என்ற ஒரே வினை போதும். ஆங்கிலம் அதை ‘சே’ (இறந்தகாலத்தில் ‘செட்’), ‘டெல்’ (இறந்தகாலத்தில் ‘டோல்ட்’) என்று பிரித்துவிடுகிறது. (அலுத்துக்கொள்ளும் ‘சே!’ வேறு.)

எனக்குக் கைகொடுத்த வழி: வினைக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். ஆள் வந்தால் ‘டெல்’: ‘ஷீ டோல்ட் மீ’. சேதி வந்தால் ‘சே’: ‘ஷீ செட் நோ’. ‘சே’க்குப் பின் ஆளைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ‘டு’ போட வேண்டும். ‘டோல்ட் டு மீ’ தவறு. நம் ‘என்னிடம்’ என்பதில் உள்ள உருபுதான் அந்த ‘டு’வை உள்ளே இழுக்கிறது.

வழுக்கும் இடமும் உண்டு. பொய், உண்மை, கதை, ஜோக் இவற்றுக்கு ஆளே இல்லாவிட்டாலும் ‘டெல்’தான். பிரார்த்தனைக்கோ ‘சே’.

நம் ‘பேசு’வும் இப்படிப் பிரியும்: ஒரு மொழி தெரியும் என்பதற்கு ‘ஸ்பீக்’, அரட்டைக்கு ‘டாக்’.

‘எக்ஸ்ப்ளெயின் மீ’ இன்னொரு தொல்லை. பொருளில் ‘டெல்’லுக்கு உறவு, நடத்தையில் ‘சே’யின் பிள்ளை, ‘டு’ இல்லாமல் ஆளை ஏற்காது. ‘டிஸ்கஸ்’, ‘மென்ஷன்’ வினைகளுக்குப் பின்னால் ‘அபவுட்’ ஒட்டியிருந்தால் யோசிக்காமல் அடித்துவிடலாம். அது நம் ‘பற்றி’யின் கைவரிசை.