உங்கள் ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழு உண்மையிலேயே கூடுகிறதா? ஆர்.டி.ஐ. போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி

முதலிலேயே ஒன்று. ஒரு குழந்தைக்கு இப்போதே ஆபத்து என்றால் இந்தப் பதிவை மூடிவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது போக்சோ சட்டப்படி கட்டாயம். கீழே இருப்பது, குழந்தைகளைக் காக்க அமைத்த குழு வேலை செய்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) பொறுமையாகக் கேட்டு வாங்கும் வழி.

தமிழ்நாட்டில் ஊராட்சிதோறும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்தான் அதற்கும் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், ஆசிரியர் என்று பலர் உறுப்பினர்கள். குழந்தைகள் சார்பிலும் இருவர் உண்டு. குழந்தைத் திருமணம், பள்ளி இடைநிற்றல், குழந்தைத் தொழிலாளர் எல்லாம் முதலில் தெரியவர வேண்டிய இடம் இதுதான். பல ஊர்களில் இப்படி ஒரு குழு இருப்பதே ஊராருக்குத் தெரியாது.

படி 1: யாருக்கு எழுதுவது

ஊராட்சிச் செயலரிடம் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இரண்டு பேர் இருப்பார்கள்: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிக்கு. நமக்கு வேண்டியவர் இரண்டாமவர். முகவரியில் 'பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம்' என்று எழுதுங்கள். தப்பிப் போனாலும் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரியவருக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வரைவோலைக்கு பேங்க் வாசலில் நிற்பதெல்லாம் வீண் வேலை.

படி 2: கேள்வி (இங்கேதான் எல்லாம் சிக்கும்)

'எங்கள் ஊராட்சியில் குழு செயல்படுகிறதா?' என்ற கேள்விக்கு எனக்கு வந்த பதில் ஒரே வரி: 'குழு சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது.' அவ்வளவுதான். 'ஏன் கூட்டம் நடத்தவில்லை?' என்று கேட்டால் அதுகூட வராது. கையில் இருக்கும் ஆவணத்தைத் தர வேண்டும் என்றுதான் தகவல் உரிமைச் சட்டம் சொல்கிறது; விளக்கம் எழுதித் தர அவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

அதனால் கேள்வியே கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். எனக்குப் பலன் தந்த வாசகங்கள் இவை:

'குழு அமைக்கப்பட்டதற்கான ஆணை அல்லது தீர்மானத்தின் சான்றளிக்கப்பட்ட நகல், உறுப்பினர்களின் பதவிப் பட்டியலுடன்.'

'1.4.2023 முதல் இந்த மனு கிடைத்த நாள்வரை நடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பேட்டுப் பக்கங்களின் நகல், வருகைக் கையெழுத்துகளுடன். குழந்தைகளின் பெயரையும் அடையாளத்தையும் மறைத்துத் தரவும்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டியே மொத்த மனுவையும் தள்ளிவிடுவார்கள். மறைத்துத் தரச் சொல்லி நீங்களே கேட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

அப்புறம் இதே கேள்வியைச் சற்று மாற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் (மாவட்ட அளவில் குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) ஒரு மனு போடுங்கள்: 'மேற்படி ஊராட்சியிலிருந்து தங்களுக்கு வந்த கூட்ட அறிக்கைகளின் நகல்.' இரண்டு அலுவலகப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி கதை புரிந்துவிடும்.

படி 3: காத்திருப்பு

30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய் கேட்பார்கள். பக்கம் நிறைய என்று இழுத்தால் 'நேரில் பார்வையிடுகிறேன்' என்று சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். என்னைக் கேட்டால் நேரில் பார்ப்பதுதான் மேல்: குறிப்பேட்டின் மை, கையெழுத்து எதுவும் ஜெராக்ஸில் சரியாகத் தெரியாது.

படி 4: குறிப்பேட்டை வாசிப்பது

கூட்டத் தேதியை முதலில் காலண்டரில் பாருங்கள். பள்ளியில் கூட்டம் நடந்ததாக எழுதிய நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம். அடுத்து, குழந்தைப் பிரதிநிதிகள் இருவரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'குழந்தைத் திருமணம் குறித்து விவாதிக்கப்பட்டது' என்ற ஒரே வாக்கியம் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுத்து மாறாமல் வருகிறதா? யார் எதைக் கவனிப்பது, யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரு வரியாவது இருந்தால்தான் அது கூட்டம். இல்லாவிட்டால் கையெழுத்து வாங்கிய நாள், அவ்வளவே.

ஊரில் குழந்தைகள் இல்லம் இருந்தால், அதே பாதுகாப்பு அலகிடம் இளைஞர் நீதிச் சட்டம் 54-ஆம் பிரிவுப்படியான ஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். ஆய்வுக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் அதில் கட்டாயம்.

படி 5: கிராம சபை

ஆண்டுக்கு 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிடைத்த நகல்களோடு போய், 'குழு எப்போது கூடும் என்று அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்' என்று ஒரே ஒரு தீர்மானம் கேளுங்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் காற்றோடு போகும். யார் வீட்டுப் பிள்ளையின் கதையையும் அங்கே எடுக்காதீர்கள். சபையில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சுற்றும்.

கையெழுத்து விஷயத்தில் கவனம். உள்ளே நுழைந்ததும் நோட்டை நீட்டுவார்கள். வருகைக்கு மட்டும் என்றால் சரி. தீர்மானத்துக்கு என்றால், அதை எழுதி வாசித்துக் காட்டிய பிறகு போடுங்கள். அங்கேயே ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் இதே நகல்களோடு மனு கொடுங்கள். குழந்தைகள் நலக் குழுவின் (இது ஊர்க் குழு அல்ல, மாவட்ட அளவிலான வேறு குழு) பணியைக் காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்வது சட்டப்படி கலெக்டரின் பொறுப்பு. அதனால் இந்தத் துறை அவருக்குப் புதிதல்ல.

பிற்சேர்க்கை: 'எங்கள் ஊரில் இப்போது தலைவரே இல்லையே' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். உங்கள் ஊரிலும் அப்படியென்றால் மனுவில் 'ஊராட்சித் தலைவர்' என்று எழுதாமல் 'தலைவர் அல்லது தனி அலுவலர்' என்று எழுதுங்கள்.

இன்னொன்று: மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்றுதான் முன்பெல்லாம் சொல்லிவந்தேன். 2025-இல் அது விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை வேண்டும் என்று கவுன்ட்டரிலேயே கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டில் 'மனுவே வரவில்லை' என்றால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.