பிம் பாடத்தைக் கழிப்பறையில் தொடங்குங்கள்

சிவில் மூன்றாம் ஆண்டுக்கு பிம் (BIM), அதாவது கட்டடத்தை அளவு, பொருள் விவரங்களோடு கணினியில் மாடலாக உருவாக்கும் பாடம் எடுக்கப் போகிறீர்களா? முதல் வகுப்பில் ரெவிட் என்ற பிம் மென்பொருளைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன். சுவருக்கு இந்தப் பொத்தான், கதவுக்கு அந்தப் பொத்தான் என்று வாரக்கணக்கில் காட்டினேன். செமஸ்டர் முடிவில் ஆளுக்கொரு நீச்சல்குளம் வைத்த பங்களா கொண்டுவந்தார்கள். செங்கல் கட்டு எத்தனை கன மீட்டர் என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் முதல் வாரமே டேப்பைக் கையில் கொடுத்து, கல்லூரிக் கழிப்பறையை அளந்து வரச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒன்பது இஞ்ச் சுவர், பீம், சன்க்கன் ஸ்லாப் (குழாய் போக இறக்கிப் போட்ட தளம்), 110 மி.மீ. குழாய், வென்டிலேட்டர் எல்லாம் இவ்வளவு சின்ன இடத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

அளந்து வந்ததும் சுவர், ஸ்ட்ரக்சர், குழாய் என்று மூன்று குழு, மூன்று மாடல். வரையத் தொடங்கும் முன்பே தொடக்கப் புள்ளி, கிரிட் (எல்லாரும் பின்பற்றும் குறிப்புக் கோடுகள்), தரைமட்டம் மூன்றையும் பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். தரைமட்டத்தில்தான் சண்டை வரும். ஸ்ட்ரக்சர் குழுவுக்கு மட்டம் என்றால் ஸ்லாபின் மேல்முகம். சுவர் குழுவுக்கு டைல்ஸின் மேல்முகம். அப்புறம், எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரெவிட் பதிப்பு இருக்கட்டும். 2024இல் சேமித்த கோப்பை 2023 திறக்காது. மாணவர் உரிமம் இலவசம்தான், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரெவிட் ஓடாத லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் இயங்கும் பான்சாய் போதும். அது பிம் மென்பொருள்களுக்குப் பொதுவான ஐ.எஃப்.சி. கோப்பிலேயே நேராக வேலை செய்யும்.

மூன்று மாடலையும் ஒன்றாக இணைத்தால் குழாய் எங்காவது பீமுக்குள் புகுந்திருக்கும். உடனே நகர்த்த விடாதீர்கள். யார் விலக வேண்டும், ஏன் என்று எழுதி வாங்குங்கள். குழாய்க்குச் சரிவு வேண்டும், பீமின் அடிக்கம்பியை வெட்ட முடியாது. நான் இன்னொன்றும் கேட்பேன்: "இது சைட்டில் தெரியவந்தால் மேஸ்திரி என்ன செய்வார்?"

எனக்குப் பிடித்த வகுப்பு இதற்கு அடுத்தது. எஸ்டிமேஷன் தாளில் கையால் போட்ட அளவையும் மாடல் தரும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பூச்சு வேலை பொருந்தவே பொருந்தாது. 0.75 x 2.1 மீட்டர் கதவுக்கு மாடல் பூச்சுப் பரப்பில் இரண்டு பக்கமும் சேர்த்து 3.15 சதுர மீட்டர் கழிக்கும். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 விதிப்படி ஒரு பக்கம் மட்டும்தான், 1.575. வென்டிலேட்டர் அரை சதுர மீட்டருக்குள் இருந்தால் கழிவே கிடையாது. கான்கிரீட்டில் கதை வேறு. 230 மி.மீ. அகல பீமையும் 120 மி.மீ. தடிமன் ஸ்லாபையும் மாடலில் ஜாயின் செய்யாமல் ஒன்றின் மேல் ஒன்று விட்டால் மீட்டருக்கு 0.0276 கன மீட்டர் இரண்டு முறை கணக்கில் ஏறும். இந்த வித்தியாசங்களை வரிக்கு வரி விளக்குகிற குழுவுக்குத்தான் என்னிடம் பாதி மதிப்பெண். மாடலை நிஜம்போலக் காட்டும் ரெண்டர் படத்துக்குப் பூஜ்யம். ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது வந்து, "சார், லைட்டிங் எல்லாம் போட்டிருக்கேன்" என்பார்.