எல்லையற்றதா, அளவற்றதா, வரம்பற்றதா?

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. இந்தச் சொற்களில் ஒன்று கண்ணில் பட்டால் நான் முதலில் கேட்பது, இங்கே எது இல்லை என்பதைத்தான். அளவா, எண்ணிக்கையா, யாரோ போட்ட விதியா?

எண்ணக்கூடியவற்றுக்கு 'எண்ணற்ற': எண்ணற்ற விண்மீன்கள், எண்ணற்ற கடிதங்கள். 'எண்ணற்ற அன்பு' என்று வந்தால் அடித்துவிட்டு 'அளவற்ற அன்பு' என்று மாற்றிவிடுவேன். 'கணக்கு' வரும் இடத்தில் கொஞ்சம் உஷார் வேண்டும். கணக்கில்லாத பணம் வைத்திருப்பவர் பெரிய பணக்காரர்; கணக்கில் வராத பணம் வைத்திருப்பவர் வருமான வரிக்குப் பயந்தவர்.

வரம்பு என்பதற்கு வயல் வரப்பு என்றும் பொருள் உண்டு. ஒருவர் கையால் போட்டது. அதனால் விதியும் அனுமதியும் பேசும் இடத்தில்தான் அது சரியாக உட்காரும்: வரம்பற்ற அதிகாரம், வரம்பற்ற பொறுப்பு. வானத்துக்கு யாரும் வரப்பு போடவில்லை, அது எல்லையற்ற வானம். கைபேசித் திட்டத்துக்கும் 'வரம்பற்ற' சரிதான். பேச்சில் 'அன்லிமிடெட்' என்றே விடலாம். (குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிட்டு அதை வரம்பற்றது என்பது அவர்கள் துணிச்சல்.)

'அற்ற' போய் 'மீறிய' வந்தால் தொனியே மாறிவிடும். எல்லையற்ற உற்சாகம் பாராட்டு. எல்லை மீறிய உற்சாகம் புகார்.

அறிவியல் கட்டுரை என்றால் எல்லையின்மையையும் (விளிம்பு இல்லாதது) முடிவிலியையும் (அளவுக்கு முடிவே இல்லாதது) குழப்பவே கூடாது. பூமியின் மேற்பரப்பில் எவ்வளவு நடந்தாலும் விளிம்பு வராது, எல்லை இல்லை. ஆனால் பரப்பளவு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர்தான், முடிவுள்ளது. 1655-ல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜான் வாலிஸ் அறிமுகப்படுத்திய ∞ குறியைத் தமிழில் முடிவிலி என்றே எழுதுங்கள். 'எல்லையற்ற எண்' என்று சுற்றி வளைக்க வேண்டாம்.

'மட்டற்ற' மகிழ்ச்சியோடு மட்டும் சுகமாக இருக்கும் சொல். துயரத்தோடு சேர்த்தால் ஒட்டாது. சலிப்பைச் சொல்ல 'முடிவில்லாத' போதும்: முடிவில்லாத விவாதம். கூட்டத்துக்கும் கோபத்துக்கும் 'கட்டுக்கடங்காத'. செலவாளியைத் திட்ட 'கணக்கு வழக்கில்லாமல்' என்பதைவிட நல்லது கிடையாது.

அப்புறம், 'மிகவும் எல்லையற்ற' என்று எழுதாதீர்கள். அழுத்தம் வேண்டுமென்றால் ஓர் ஏகாரம் போதும்: எல்லையே இல்லை.