ஸ்லாப்கேட் பாதியில் விழுந்தால்

தண்டையார்பேட்டையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தின் ஓப்பன்எல்டாப் சர்வரை (பயனர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் மென்பொருள்) வார இறுதிகளில் நான் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்களின் லாகின் எல்லாம் அதில்தான் இருக்கிறது. புது மெஷினுக்கு மாற்றுவதற்காக, பதிவுகளை எல்லாம் உரைக் கோப்பாக வெளியே எடுக்கும் ஸ்லாப்கேட் கட்டளையை ஓட்டினேன். பாதி வந்ததும் 'பஸ் எரர்' என்று செத்துவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்தால், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். டிஸ்க் போய்க்கொண்டிருக்கலாம்.

முதலில், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிய செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளை போட்டுப் பாருங்கள். ஐஓ எரர் (டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) வரிகள் இருந்தால் காரணம் அதுதான். இன்றைய ஓப்பன்எல்டாப் தன் தரவுக் கோப்பை நேரே மெமரியில் மேப் செய்து, அதாவது மெமரியின் ஒரு பகுதிபோலவே, படிக்கிறது. டிஸ்க்கில் ஓர் இடம் படிக்க முடியாமல் போனால், கர்னல் அந்த புரோகிராமையே நிறுத்திவிடும். அதனால்தான் பிழையை மீறித் தொடரச் சொல்லும் 'சி' ஆப்ஷனும் இங்கே உதவாது. தொடர்வதற்கு புரோகிராமே உயிரோடு இல்லையே!

அடுத்து, சர்வரை நிறுத்திவிட்டு, தரவுக் கோப்பை வேறு நல்ல டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் நகலெடுங்கள். சாதாரண சிபி கட்டளை கெட்ட இடத்தில் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் மற்றதைக் காப்பாற்றும். இனி எல்லா வேலையும் நகலில் மட்டும்தான்.

நகல் இருக்கும் நல்ல டிஸ்க்கைப் பழைய பாதையிலேயே மவுண்ட் செய்து (இணைத்து), ஸ்லாப்கேட்டை விவரம் காட்டும் 'வி' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். 'எல்' ஆப்ஷனில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், பதிவுகள் கோப்புக்குப் போகும், ஒவ்வொரு பதிவின் எண்ணும் திரையில் ஓடும். கடைசியாகத் தெரியும் எண்ணிலோ அதற்கு அடுத்த பதிவிலோதான் சிக்கல். அந்த எண் ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) இருக்கும், கவனம்.

இன்னும் விழுகிறதா? சரி, 'எஸ்' ஆப்ஷனில் ஒவ்வொரு கிளையாகக் கொடுத்து எடுங்கள்: ஆட்கள் தனி, குழுக்கள் தனி. கெட்ட பதிவு இல்லாத கிளைகள் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும். 'என்' ஆப்ஷனில் 0 கொடுத்து சர்வரின் அமைப்புகளான கான்ஃபிகரேஷனையும் மறக்காமல் எடுங்கள்.

ஸ்லாப்கேட் தந்த உரைக் கோப்பில் (எல்டிஃப்) தமிழ்ப் பெயர்கள் இரண்டு முக்காற்புள்ளியும் (::) புரியாத எழுத்துமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது பேஸ்64, எழுத்துகளைச் சாதாரண ஆங்கிலக் குறிகளாக மாற்றி எழுதும் முறை. என்னோடு இருந்த ஒரு தம்பி அதைச் சிதைவு என்று நினைத்து அழிக்கப் போய்விட்டான். பதிவுகளை எண்ண, 'டிஎன்' (ஒவ்வொரு பதிவின் முழுப் பெயர்) என்று தொடங்கும் வரிகளை கிரெப் என்ற தேடல் கட்டளையால் எண்ணுங்கள். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டின் மறை வடிவமான ஹாஷும் இருக்கும். அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கிவிடுங்கள்.

அப்புறம் புது மெஷினில் காலியான டேட்டாபேஸில் அந்தக் கோப்பை ஸ்லாப்ஆட் கட்டளையால் ஏற்றுங்கள். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டியிருந்தால், உருவான கோப்புகளின் உரிமையை சர்வர் ஓடும் பயனருக்கு மாற்றுங்கள். உபுன்டுவில் அந்தப் பயனர் பெயர் ஓப்பன்எல்டாப். இதை விட்டுவிட்டால் சர்வர் எழும்பவே எழும்பாது.